கணக்கில் வராத பவளக்காலி

அன்றைக்கு நான் வேலைக்கு வேனில் வந்திருந்தேன். எல்லாக் குழப்பமும் அதிலிருந்துதான் தொடங்கியது.

அதற்கு முன்பு வருடம் முழுவதும் சைக்கிள்தான். ஏரிக்கு, உப்பளத்துக்கு, மலையடிவாரத்துக் காட்டுக்கு, வேலைக்கு, எங்கேயும் சைக்கிள். ஜனவரியில் எங்கள் பறவைக் குழுவின் கூட்டத்தில் இந்த வருடம் யார் என்ன செய்யப்போகிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். என் முறை வரும்போது வழக்கம்போல ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஏனோ வாய் திறந்துவிட்டது. "சைக்கிள்லயே போய் இருநூறு வகை பாக்கலாம்னு இருக்கேன்" என்றேன். அந்தக் குழுவில் சேர்ந்ததிலிருந்து நான் பேசிய முதல் முழு வாக்கியம் அது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் கைதட்டினார். அதன் பிறகு பின்வாங்க எனக்குத் தெரியவில்லை.

குழுவின் செயலாளர் ஒரு பல் டாக்டர். அவர்தான் விதியைச் சொன்னார். வீட்டு வாசலிலிருந்து கிளம்ப வேண்டும். மிதித்துப் போக வேண்டும். வழியில் மோட்டார் வைத்த எதிலும் ஏறக்கூடாது. போய்ச் சேர்ந்த பிறகு நடக்கலாம். "பாத்துட்டு எப்படித் திரும்பி வர்றீங்கங்கிறது உங்க பாடும்மா. லாரியில வந்தாலும் சரி, அழுதுட்டே வந்தாலும் சரி."

டிசம்பர் கடைசியில் என் எண்ணிக்கை நூற்றுத் தொண்ணூற்றொன்பதில் நின்றது. நின்றது என்றால் ஆணி அடித்ததுபோல நின்றது. பக்கத்தில் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தாகிவிட்டது. தூரத்தில் இருப்பதற்கு லீவு இல்லை.

அப்போதுதான் அப்பாவுக்கு என் சைக்கிள்மேல் பாசம் பொங்கியது. வருடம் முழுக்க "பொம்பளைப் பிள்ளை இப்படி ரோடு ரோடா மிதிக்குது" என்று முனகியவர், ஒருநாள் சாயங்காலம் நான் குளித்துக்கொண்டிருக்கும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்க் கடையில் விட்டுவிட்டு வந்தார்.

"முழுசா பிரிச்சு, கிரீஸ் வச்சு, பேரிங் மாத்தித் தரச் சொல்லிட்டேன். வருஷம் பூரா உழைச்சிருக்கு பாவம்."

"அப்பா, வருஷம் இன்னும் முடியல."

"ரெண்டு நாள்ல என்னம்மா வந்துடப்போகுது?"

மறுநாள் காலையில் கம்பெனி வேனில் ஏறினேன். ஏறும்போதே மனசு உறுத்தியது. வருடம் முழுக்க கறி சாப்பிடாதவள் கறிக்கடை வாசலில் நிற்பதுபோல இருந்தது.

நான் வேலை செய்வது ஊரின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில். ஆய்வகத்தில் இரண்டு பேர். நானும், மகப்பேறு விடுப்பில் இருக்கும் ஓர் அக்காவும். அதாவது நான் மட்டும். தொட்டி தொட்டியாகப் போய்ப் பாட்டிலில் தண்ணீர் எடுத்துவர வேண்டும், அதில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது, எவ்வளவு அழுக்கு மிச்சம் என்று பார்க்க வேண்டும். கடைசியில் மூன்று பெரிய குட்டைகள் இருக்கின்றன. தெளிந்த நீர் அங்கே கொஞ்ச நாள் நின்று வெயில் காய்ந்த பிறகு ஆற்றுக்குப் போகும். நாற்றத்துக்குப் பயந்து மனிதர்கள் வருவதில்லை. பறவைகளுக்கு அது சொர்க்கம். என் பட்டியலில் பாதி அங்கே பார்த்ததுதான். வீட்டில் இதைச் சொன்னால், "உனக்குன்னு வேலை அமைஞ்சிருக்கு பாரு" என்று அம்மா மூக்கைப் பொத்திக்கொள்வார்.

அன்று காலை மூன்றாம் குட்டையின் கரையில் பாட்டிலோடு குனிந்திருந்தேன். பக்கத்தில் மோட்டார் அண்ணன் மதகைத் திருகிக்கொண்டிருந்தார். பம்புகளைப் பார்த்துக்கொள்வதால் அவருக்கு அந்தப் பெயர். நல்ல உயரம். குரலும் பம்பு ஓடும்போது பேசிப் பழகிய குரல்.

"பாப்பா, அங்க பாரு, உன் சொந்தக்காரங்க."

சேற்று ஓரத்தில் ஒரு பறவை நின்றது. சாம்பல் உடம்பு, சிவப்புக் கால். பவளக்காலி. அது எங்கள் குட்டைக்கு ஒவ்வொரு குளிர்காலமும் வரும். பிப்ரவரியிலேயே பார்த்தாகிவிட்டது. நான் மறுபடி குனிந்தேன். அப்போது அது குரல் கொடுத்தது. இரண்டே அசை, விசிலடித்துப் பாதியில் நிறுத்தியதுபோல. சாதாரணப் பவளக்காலி அப்படிக் கூப்பிடாது. அது மூன்று நான்கு முறை இழுத்துப் புலம்பும்.

பைனாக்குலரை எடுத்தேன். அலகு நீளம், நுனி மெல்லியது. கண்ணுக்கு முன்னால் வெள்ளைக் கோடு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது எழும்பி, எங்களுக்கு நேர் முன்னால் பறந்து, குட்டையின் மறுகரையில் இறங்கியது. சாதாரணப் பவளக்காலி சிறகை விரித்தால் பின்விளிம்பில் பட்டையாக வெள்ளை தெரியும். தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும். இதற்கு இல்லை.

"அண்ணே, சிறகைப் பாத்தீங்களா? வெள்ளை இருந்துச்சா?"

"இல்லையே. சாம்பலாத்தான் இருந்துச்சு. ஏன், உடம்பு சரியில்லையா அதுக்கு?"

புள்ளிப் பவளக்காலி. அது தனி வகை, எங்கள் பக்கம் அபூர்வமாகத்தான் வரும். நான் அதுவரை படத்தில் மட்டும் பார்த்திருந்தேன். இருநூறு என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். மோட்டார் அண்ணன் கையைக்கூடப் பிடித்துக் குலுக்கினேன். அதன் பிறகுதான் வேன் ஞாபகம் வந்தது.

"என்ன பாப்பா, மூஞ்சி இப்படி ஆயிடுச்சு?"

"நான் வேன்ல வந்தேன் அண்ணே."

"நானும் பாத்தேன். அதுக்கென்ன?"

விளக்கினேன். வாசல், மிதிப்பது, மோட்டார் கூடாது, எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"இரு. நீ அதைப் பாத்த."

"பாத்தேன்."

"அது இன்னதுன்னு உனக்கு நல்லாத் தெரியும்."

"தெரியும்."

"ஆனா நீ அதைப் பாக்கல."

"ஆமா."

"படிச்சவங்க சகவாசமே இதுக்குத்தான் வேண்டாங்கிறது" என்றார். பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டு, "என் சைக்கிளை எடுத்துட்டுப் போ. வீடு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துடு" என்றார். அவருடைய சைக்கிள் அவருக்கென்றே செய்ததுபோல இருக்கும். ஏறி உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு கால்களும் பெடலுக்கு ஒரு சாண் மேலே தொங்கின. அவர் சிரிப்பை அடக்க மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

பல் டாக்டருக்கு போன் செய்தேன். பின்னணியில் இயந்திரம் சுழலும் சத்தம் கேட்டது.

"வாயைத் திறங்க. உங்களை இல்லம்மா, நீங்க சொல்லுங்க."

சொன்னேன். இயந்திரம் நின்றது.

"புள்ளியா? நிச்சயமா? சிறகு பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். குரலும் கேட்டேன். ஆனா வேன்ல வந்துட்டேன்."

நாற்காலியில் யாரோ பரிதாபமாக "ஆ" என்றார்கள்.

"அப்ப அது செல்லாதும்மா. வீட்டுக்குப் போய் மிதிச்சு வாங்க. அது இருந்தா ஆச்சு."

மேனேஜரிடம் அரை நாள் லீவு கேட்டேன். காரணம் கேட்டார். ஒரு பறவை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். காலையில் எடுத்த தண்ணீரை முடித்துவிட்டுப் போகச் சொன்னார். அது நியாயம்தான். தண்ணீர் காத்திருக்காது. அழுக்கில் உள்ள கிருமிகள் ஆக்சிஜனைத் தின்றுகொண்டே இருக்கும், தாமதித்தால் விடை மாறிவிடும். ஒவ்வொரு பாட்டிலாகச் சொட்டு எண்ணி முடித்தேன். அவசரத்தில் எண்ணிக்கை தவறி ஒன்றை இரண்டு முறை செய்ய வேண்டியிருந்தது.

கிளம்புமுன் கரைக்கு ஓடினேன். பறவை மறுகரையில் ஒருமுறை சிறகை விரித்து நெட்டி முறித்தது, வெள்ளை இல்லை, அதேதான்; பிறகு ஒற்றைக் காலில் நின்று தூங்கிவிட்டது.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. அதிகாரிகள் சோதனைக்கு அனுப்பும் பாட்டில், எடுத்த நேரத்திலிருந்து பிரிக்கும் நேரம் வரை யாராவது ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். கைமாறினால் கையெழுத்து. யார் பார்வையிலும் இல்லாமல் கொஞ்ச நேரம் கிடந்தால்கூட அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டியதுதான். உள்ளே இருப்பது அதே தண்ணீராகவே இருக்கும். ஆனால் அதே தண்ணீர் என்று சொல்ல முடியாது.

"அண்ணே, நான் வர்ற வரைக்கும் அதை விட்டுக் கண்ணை எடுக்காம பாத்துக்க முடியுமா?"

"பம்பு?"

"பம்பு சத்தம் இங்கேருந்தே கேக்குமே."

அவர் யோசித்தார். பைனாக்குலரை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என் பொண்டாட்டியைக்கூட இப்படிப் பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டுக் கரையில் உட்கார்ந்தார்.

சாப்பாட்டு வேளை வேனில் திரும்பினேன். நேராகச் சைக்கிள் கடைக்குப் போனேன். என் சைக்கிள் ஒரு கோணிப்பையின்மேல் துண்டு துண்டாகக் கிடந்தது. சக்கரம் தனியாக, செயின் மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில், பேரிங் குண்டுகள் ஒரு சோப்பு டப்பாவில். கடைக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா அவசரமில்லன்னாரே."

"எனக்கு அவசரம். உடனே மாட்டிக் குடுங்க."

"ஆஸ்பத்திரியா?"

தலையாட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா என்று எனக்கே தெரியவில்லை. அவர் பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார். அது எனக்கு இன்னும் சங்கடமாகிவிட்டது. ஆஸ்பத்திரி இல்லை என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அவர், "கவலைப்படாதீங்க, நல்லபடியா இருப்பாங்க" என்றார். இருக்குமா என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலை முடிய வெயில் சாய்ந்துவிட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வாசற்படியைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். அம்மா ஜன்னலிலிருந்து பார்த்தார்.

"வந்துட்டு ஏன்டி போற?"

"வந்தாத்தான்மா போக முடியும்."

அம்மா அப்பாவைக் கூப்பிடும் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

புதிதாக கிரீஸ் வைத்த சைக்கிள் பிரமாதமாக ஓடியது. அப்பாவை மனசுக்குள் திட்டிக்கொண்டும் பாராட்டிக்கொண்டும் மிதித்தேன்.

குட்டைக்கு வந்தபோது சூரியன் மரங்களுக்குப் பின்னால் போயிருந்தது. மோட்டார் அண்ணன் அதே இடத்தில், அதே திசையைப் பார்த்து, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்.

"இருக்கு" என்றார், திரும்பாமலே. "அங்கேயே இருக்கு உன் கோழி. கழுத்து போச்சு எனக்கு."

பைனாக்குலரை வாங்கினேன். மறுகரையில் வயிறு தொடும் தண்ணீரில் சாம்பலாக ஒன்று நின்றது. கால் தண்ணீருக்குள். தலை முதுகுச் சிறகில் புதைந்திருந்தது. அலகு தெரியவில்லை. நின்றுகொண்டே இருந்தேன். ஒருமுறை தலையைத் தூக்கியது. அலகு நீளமாக இருந்ததுபோல இருந்தது. அல்லது நீளமாக இருக்க வேண்டும் என்று நான் நினைத்ததால் அப்படி இருந்தது. மறுபடி புதைத்துக்கொண்டது.

இந்த வெளிச்சத்தில், இந்த தூரத்தில், முன்பின் தெரியாமல் இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? ஏதோ ஒரு பவளக்காலி. எதுவென்று தெரியாது. அவ்வளவுதான் சொல்லியிருப்பேன். இது புள்ளிப் பவளக்காலி என்று எனக்குத் தெரிவது காலையில் பார்த்ததால். காலையில் பார்த்ததோ கணக்கில் இல்லை. கணக்கில் இல்லாத பார்வையைச் சாட்சியாக வைத்துக் கணக்கில் உள்ள பார்வையை நிரூபிக்கலாமா? கல்லூரியில் இதற்கு ஒரு பாடம் இருந்திருக்கலாம். நான் அன்று வகுப்புக்குப் போகாமல் இருந்திருக்கலாம்.

ஆனால் மோட்டார் அண்ணன் இருந்தார். பாட்டில் யார் பார்வையிலும் இல்லாமல் கிடக்கவில்லை.

"கண்ணை எடுக்கவே இல்லையே அண்ணே?"

"சத்தியமா எடுக்கல. டீ கூட இங்கேயே வரவழைச்சுக் குடிச்சேன்."

"அப்ப காலையில பாத்த அதே பறவை."

"அதேதான்." கொஞ்சம் நிறுத்தினார். "நடுவுல ரெண்டா ஆச்சு. அப்புறம் ஒண்ணு போயிடுச்சு."

"என்னது?"

"இன்னொண்ணு வந்துச்சு. இதே மாதிரி. சிவப்புக் கால். கொஞ்ச நேரம் பக்கத்துல பக்கத்துல நின்னுச்சுங்க. அப்புறம் ஒண்ணு கிளம்பிடுச்சு."

"எது கிளம்புச்சு?"

"வந்ததுதான்."

"எப்படித் தெரியும்?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வந்ததுதானே போகும்? வீட்டுக்கு விருந்தாளி வந்தா, விருந்தாளி கிளம்புவாங்களா, வீட்டுக்காரங்க கிளம்புவாங்களா?"

"வரும்போது சிறகைப் பாத்தீங்களா? வெள்ளை?"

"டீ கிளாஸைக் கீழ வச்சேன். நிமிர்ந்தா ரெண்டு நிக்குது."

"போகும்போது?"

"சூரியனுக்கு நேரா போச்சு. எல்லாம் கறுப்பாத்தான் தெரிஞ்சது." அவர் குரல் இறங்கியது. "தப்பு பண்ணிட்டேனா பாப்பா?"

"இல்ல அண்ணே" என்றேன். உண்மையிலேயே இல்லை. யாரும் தப்பு செய்யவில்லை. அப்பா சைக்கிளுக்கு நல்லது செய்தார். மேனேஜர் சட்டப்படி நடந்தார். கடைக்காரர் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். எல்லோரும் நல்லது செய்து முடித்தபோது நான் ஒரு சாம்பல் புள்ளியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

அவர் குனிந்து ஒரு கல்லை எடுத்தார்.

"மேல படாம போடறேன். எழும்பட்டும். நீ சிறகைப் பாத்துக்க."

நான் அந்தக் கல்லைப் பார்த்தேன். ஒரே ஒரு கல். எழும்பினால் வெள்ளை இருக்கிறதா இல்லையா என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். அது எங்கிருந்து கிளம்பி எவ்வளவு தூரம் பறந்து வந்து இங்கே தூங்குகிறது என்று யோசித்தேன். அது பறவைமேல் வந்த இரக்கமா, அல்லது விடை தெரிந்துவிடுமே என்ற பயமா, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"வேண்டாம் அண்ணே. தூங்குது."

"தூங்கறதை எழுப்பக் கூடாதுதான்" என்று கல்லைத் தன் காலடியிலேயே போட்டார். வெளிச்சம் போகும்வரை நின்றோம். அது எழும்பவில்லை. குரலும் கொடுக்கவில்லை.

மறுநாள் வருடத்தின் கடைசி நாள். நல்ல வெளிச்சம் வருவதற்கு முன்பே மிதித்துப் போய்விட்டேன். குட்டையில் அது இல்லை. சாதாரணப் பவளக்காலிகூட இல்லை. வேலைக்கு நடுவே மூன்று குட்டைகளையும் சுற்றிச் சுற்றி வந்தேன். மேனேஜர் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வேலையில் இவ்வளவு அக்கறையா என்று அவர் குழம்பியிருக்க வேண்டும்.

இடையில் பல் டாக்டருக்கு முந்தைய நாள் நடந்ததை எழுதி அனுப்பினேன். அவர் பதில் போட்டார்: "காலையில் பார்த்ததை மறந்துவிட்டு, மாலையில் பார்த்ததை மட்டும் வைத்து முடிவு செய்யுங்கள்." மறக்க முயன்றேன். முயலும் ஒவ்வொரு முறையும் அந்தச் சிறகு கண்முன் விரிந்தது, வெள்ளை இல்லாமல், தெளிவாக.

வேலை முடிந்ததும் கரையில் நின்றேன். மோட்டார் அண்ணனும் வீட்டுக்குக் கிளம்பும் கோலத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். பல் டாக்டர் போன் செய்தார்.

"எண்ணைச் சொல்லுங்கம்மா. பட்டியலை முடிக்கணும். எல்லாரும் உங்க எண்ணுக்குத்தான் காத்திருக்காங்க."

இருநூறு என்று சொன்னால் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. அது அதே பறவையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பாதிக்கு மேல், முக்காலுக்குப் பக்கம். ஜனவரியில் சொன்ன சொல் நிற்கும். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், இந்த முறை காரணத்தோடு.

"நூத்தித் தொண்ணூத்தொன்பது சார்."

"நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன். தெரியல. தெரியாததைச் சேக்க முடியல."

போனை வைத்தேன். மோட்டார் அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேக்கலையா?"

"இல்ல அண்ணே."

"அப்ப நான் நேத்து பொழுதுக்கும் உக்காந்தது?"

அதுவரை எண் என்னுடையது, நஷ்டமும் என்னுடையது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். தன் சைக்கிள் மணியை ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"நான் வேற என் பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டேன், அந்தப் பிள்ளைக்கு இருநூறாவது கோழியைக் காவல் காத்தவன் நான்தான்னு."

அந்தச் சைக்கிளைப் பார்த்தேன். உயரமான, கறுத்த, செயின் கவர் இல்லாத சைக்கிள்.

"அண்ணே, நேத்து நீங்க வேலைக்கு எதுல வந்தீங்க?"

"இதுலதான்."

"வீட்டுலேருந்தா?"

"பின்ன, மாமியார் வீட்டுலேருந்தா?"

"வழியில வேற எதுலயும் ஏறலையே?"

"யாரு என்னை ஏத்தறா?"

மறுபடி போன் செய்தேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

"சார், புதுசா ஒருத்தரைப் பட்டியல்ல சேக்கணும். புள்ளிப் பவளக்காலி. வீட்டுலேருந்து மிதிச்சு வந்தார். நேத்து காலையில என் பக்கத்துல நின்னு பாத்தார். அது பறக்கும்போது சிறகுல வெள்ளை இல்லைன்னு அவர் வாயாலேயே சொன்னார்."

மறுமுனையில் டாக்டர் இதை மெதுவாக விழுங்கிக்கொண்டிருந்தார்.

"அதாவது, நீங்க பாத்த அதே பறவை."

"ஆமா."

"நீங்க பாத்த அதே நேரத்துல."

"ஆமா சார்."

"அவருக்குச் செல்லும், உங்களுக்குச் செல்லாது."

"ஆமா."

"விதிப்படி சரிதான்" என்றார், விதியைச் செய்தவரே நம்ப முடியாத குரலில். "அவர் மொத்த எண்ணிக்கை?"

"ஒண்ணு."

மோட்டார் அண்ணன் என் தோளைத் தட்டினார். "இரு, இரு. ஒண்ணுதானா? உனக்கு நூத்தித் தொண்ணூத்தொன்பது, எனக்கு வெறும் ஒண்ணா? அசிங்கமா இல்ல? காக்காவையெல்லாம் சேக்க மாட்டாங்களா?"

"சேப்பாங்க அண்ணே. ஆனா இந்த வருஷத்துக்குள்ள பாத்திருக்கணும்."

"இந்த வருஷம்தான் இன்னும் முடியலையே." அவர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். போனைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "டாக்டர், எழுதிக்கோங்க. காக்கா."

"பேனா எடுக்கறேன்" என்றார் டாக்டர்.

"மைனா. அந்தக் கம்பியில கறுப்பா ரெட்டை வாலோட ஒண்ணு, அது பேரு என்ன பாப்பா?"

"கரிச்சான்."

"கரிச்சான். பம்ப் ஹவுஸ் புறா. அதோ தண்ணியில முக்குளி போடறது. அப்புறம் நீலமா, மீன் திங்குமே, அது. ஏய், அது எங்க போச்சு, தினம் இந்தக் கம்பத்துலதானே உக்காந்திருக்கும்!"

வெளிச்சம் வேகமாகக் குறைந்துகொண்டிருந்தது. அவர் கரையில் முன்னும் பின்னும் ஓடினார். நான் பைனாக்குலரைக் கொடுத்தேன். ஒரே பறவை, ஒரே நொடி, இரண்டு பேர். அது அவருடையதாகவும் என்னுடையதல்லாததாகவும் இருப்பது நியாயமா என்று யோசித்தேன். நியாயம்போலவும் இருந்தது, பைத்தியக்காரத்தனம்போலவும் இருந்தது. ஆனால் டாக்டரிடம் அதைச் சொன்னபோது என் குரலில் சந்தேகமே இல்லை. அது மட்டும் தெரிந்தது.

"பாப்பா, சீக்கிரம் வா! அங்க ரெண்டு வெள்ளைக் கொக்கு நிக்குது பாரு. ஒண்ணு குட்டையா, ஒண்ணு நெட்டையா. ரெண்டும் ஒரே ஜாதியா, வேற வேறயா?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். குட்டையாக இருந்ததன் கால் விரல்கள் மஞ்சள் என்றால் அது வேறு வகை; அதைப் பார்த்தால் போதும். விரல்கள் சேற்றுக்குள் இருந்தன.